திருச்சியிலிருந்து சிங்கப்பூர்: தூரக் கணக்கை நம்புவதா, டிக்கெட்டை நம்புவதா?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். புதுக்கோட்டையில் வசிக்கிறேன். ஜூலை மாதம் மனைவியோடு சிங்கப்பூரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறோம். இருவருக்கும் இதுதான் முதல் விமானப் பயணம். மகள் திருச்சியிலிருந்து டிக்கெட் எடுத்திருக்கிறாள். 12-ஆம் தேதி 00:40-க்குப் புறப்பாடு, 07:35-க்குச் சிங்கப்பூர். திரும்பும்போது 21:10-க்குக் கிளம்பி 23:00-க்குத் திருச்சி. இணையத்தில் தேடினால் சென்னை–சிங்கப்பூர் 2,920 கி.மீ., திருச்சி–சிங்கப்பூர் 2,980 கி.மீ. என்று வருகிறது. தெற்கே இருக்கும் திருச்சி எப்படிக் கூடுதல் தூரமாகும்? பயண நேரம் ஒரு தளத்தில் 3 மணி 19 நிமிடம், இன்னொன்றில் 4 மணி 13 நிமிடம். டிக்கெட்டில் கழித்துப் பார்த்தால் போவதற்கு ஏறக்குறைய 7 மணி நேரம், வருவதற்கு 2 மணி நேரம்கூட இல்லை. பூமி சுழல்வதால் இப்படி ஆகிறதா? என் மனைவிக்கு மூட்டுவலி, நெடுநேரம் உட்கார முடியாது. டிக்கெட்டை மாற்றி, தூரம் குறைவான சென்னையிலிருந்தே போய்விடலாமா?

பதில்:

ஐயா, வணக்கம். தூரம், நேரம் எல்லாவற்றையும் பிறகு பார்க்கலாம். முதலில் தேதி. டிக்கெட்டில் 12-ஆம் தேதி 00:40 என்று இருந்தால், அது 11-ஆம் தேதி நள்ளிரவு தாண்டி நாற்பதாவது நிமிடம். நீங்கள் வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டியது 11-ஆம் தேதி இரவு. 12-ஆம் தேதி பகலெல்லாம் பெட்டி கட்டிவிட்டு, அன்று இரவு விமான நிலையத்துக்கு வந்து நிற்கும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய விமானம் முந்தின இரவே போயிருக்கும். காலண்டரில் 11-ஆம் தேதிக் கட்டத்தில் “இரவு 8:15, வீட்டிலிருந்து புறப்பாடு” என்று இன்றைக்கே எழுதிவிடுங்கள்.

சரி, இப்போது உங்கள் கேள்விகள். விமானம் கிளம்புவதற்கு முன் அதன் பாதை, எரிபொருள், காற்று, வானிலை எல்லாவற்றையும் கணக்கிட்டு விமானியிடம் கொடுப்பது எங்கள் டிஸ்பாட்சர் வேலை. நீங்கள் இணையத்தில் பார்த்த கணக்குகளை நாங்கள் அன்றாடம் வேறுவிதமாகப் போடுகிறோம். அந்தத் தளங்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் உங்களுக்குத் தேவையான கேள்விக்கு அவை பதில் சொல்லவில்லை.

சென்னை பக்கமா, திருச்சி பக்கமா என்பதில் நீங்கள் பார்த்த எண்கள் சரியானவைதான். பலருக்கு இது ஆச்சரியமாக இருக்கும். சிங்கப்பூர் நமக்குத் தெற்கே இருக்கிறது என்றுதான் மனதில் பதிந்திருக்கிறது. உண்மையில் அது தெற்கைவிடக் கிழக்கேதான் அதிகம் விலகியிருக்கிறது. சாங்கி விமான நிலையம் ஏறக்குறைய 104 பாகை கிழக்குத் தீர்க்கரேகையில் இருக்கிறது. சென்னை 80 பாகையிலும் திருச்சி 79 பாகைக்குச் சற்று உள்ளேயும் இருக்கின்றன. சென்னையைவிடத் திருச்சி சுமார் 250 கி.மீ. தெற்கே, சுமார் 160 கி.மீ. மேற்கே. போகவேண்டிய திசை பெரும்பாலும் கிழக்கு என்பதால், தெற்கே இருப்பதில் கிடைக்கும் லாபம் குறைவு, மேற்கே தள்ளியிருப்பதில் வரும் நஷ்டம் அதிகம். கூட்டிக் கழித்தால் 60 கி.மீ. கூடுகிறது. உலக உருண்டை ஒன்று வீட்டில் இருந்தால் நூலை வைத்து இழுத்துப் பாருங்கள், தலைமையாசிரியருக்கு அது பிடிக்கும். திருச்சியிலிருந்து இழுத்த நூல் யாழ்ப்பாணத்துக்குச் சற்று வடக்கே கடலைத் தாண்டி, வங்காள விரிகுடாவைக் கடந்து, சுமத்ராவின் வடமுனை வழியாக மலாக்கா நீரிணைக்குள் இறங்கும்.

அந்த 60 கி.மீ. வானத்தில் எவ்வளவு நேரம்? நான்கு நிமிடம், அதிகம் போனால் நான்கரை. இந்த நான்கு நிமிடத்தை மிச்சம் பிடிக்க, புதுக்கோட்டையிலிருந்து சென்னைக்கு ஏறக்குறைய 400 கி.மீ. சாலையில் ஏழெட்டு மணி நேரம் மூட்டுவலியோடு அம்மாவை உட்காரவைத்துக் கூட்டிப்போகாதீர்கள். திருச்சி விமான நிலையம் புதுக்கோட்டைச் சாலையிலேயே இருக்கிறது, உங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரம். அங்கே புதிய முனையமும் 2024-இல் பயன்பாட்டுக்கு வந்துவிட்டது. டிக்கெட்டை மாற்றவே வேண்டாம்.

அடுத்து நேரம். 3 மணி 19 நிமிடம் என்று சொல்லும் தளம் 2,980-ஐ 900-ஆல் வகுத்திருக்கிறது. விமானம் ஓடுதளத்தின் முனையில் இருந்து கிளம்பும்போதே மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் கிளம்பி, அதே வேகத்தில் சாங்கியில் நின்றுவிட்டால் அந்த நேரம் ஆகும். 4 மணி 13 நிமிடம் சொல்லும் தளம் 800-ஆல் வகுத்து, ஏற இறங்க என்று அரை மணி நேரம் சேர்த்திருக்கிறது. இது உண்மைக்குப் பக்கத்தில் வருகிறது. ஆனால் எந்த விமானம், எந்த மாதம், எந்தத் திசை என்று எதுவும் கேட்காமல் சொல்லும் எண் இது. இன்னொன்றும் கவனியுங்கள். சில தளங்கள் சாதாரண மைலில் சொல்லும், சில கடல் மைலில் சொல்லும். நாங்கள் பயன்படுத்துவது கடல் மைல், அது 1.852 கி.மீ. உங்கள் பாதை சுமார் 1,850 மைல், கடல் மைலில் சுமார் 1,610. இரண்டையும் பார்த்துவிட்டு 240 மைல் எங்கே போனது என்று கேட்பவர்கள் உண்டு. எங்கேயும் போகவில்லை, அளவுகோல்தான் வேறு.

டிக்கெட்டில் இருப்பதை எங்கள் துறையில் பிளாக் டைம் என்போம். விமானம் நிற்கும் இடத்திலிருந்து பின்னால் தள்ளப்படும் நிமிடத்தில் தொடங்கி, சேரும் ஊரில் கதவோரம் வந்து நிற்கும் நிமிடம் வரை உள்ள நேரம். ஆகவே டிக்கெட்டில் 00:40 என்றால் சக்கரம் தரையைவிட்டுக் கிளம்பும் நேரம் அல்ல, விமானம் நகரத் தொடங்கும் நேரம். கதவு அதற்கு முன்பே மூடிவிடும். உங்கள் டிக்கெட்டின் பிளாக் டைம் 4 மணி 25 நிமிடம். எப்படி என்று சொல்கிறேன்.

00:40-க்கும் 07:35-க்கும் இடையே கடிகாரத்தில் 6 மணி 55 நிமிடம். டிக்கெட்டில் ஒவ்வொரு நேரமும் அந்தந்த ஊரின் கடிகாரப்படிதான் அச்சிடப்படும். சிங்கப்பூர்க் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. கழித்தால் 4 மணி 25 நிமிடம். திரும்பும்போது கடிகாரத்தில் தெரிவது 1 மணி 50 நிமிடம், இரண்டரையைக் கூட்டினால் 4 மணி 20 நிமிடம். போக, வர ஐந்து நிமிடம்தான் வித்தியாசம். இந்த இரண்டரை மணி நேரம்கூட இயற்கையாக அமைந்ததல்ல. சிங்கப்பூர் 1982 ஜனவரி 1 அன்று மலேசியாவோடு சேர்ந்து கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே நகர்த்திக்கொண்டது. அதற்கு முன் நமக்கும் அவர்களுக்கும் இரண்டு மணி நேரம்தான் வித்தியாசம். சூரியக் கணக்கில் பார்த்தால் அது ஒன்றரை மணி நேரத்தைக்கூடச் சற்றுத்தான் தாண்டும். அதனால்தான் அங்கே ஆண்டு முழுக்க ஏழு மணிவாக்கில்தான் பொழுது விடிகிறது. விமானம் இறங்கத் தொடங்கும்போது ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் வந்துகொண்டிருக்கும். உங்கள் உடம்புக்கோ அது விடியற்காலை நாலரை, ஐந்து மணி. சரியாகத் தூங்கியிருக்க மாட்டீர்கள், அன்று பகலில் எந்த வேலையும் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று மகளிடம் சொல்லிவிடுங்கள்.

பூமியின் சுழற்சி இதில் எதுவும் செய்வதில்லை. திருச்சியில் சும்மா நிற்கும் விமானமும் பூமியோடு சேர்ந்து மணிக்குச் சுமார் 1,640 கி.மீ. வேகத்தில் கிழக்கே போய்க்கொண்டுதான் இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள காற்றும் அப்படியே. விமானம் பறப்பது அந்தக் காற்றுக்குள். எனவே கணக்கில் வருவது காற்று தரையைவிட எந்தப் பக்கம், எவ்வளவு வேகமாக நகர்கிறது என்பது மட்டும்தான்.

இங்கேதான் உங்கள் ஜூலைப் பயணம் சுவாரசியமாகிறது, இதைப் பற்றி எழுத எனக்கு ஆசையும் கூட. அமெரிக்கா, ஐரோப்பா போய்வந்தவர்கள் கிழக்கே போனால் சீக்கிரம், மேற்கே போனால் தாமதம் என்பார்கள். அந்த அட்சரேகைகளில் அது உண்மை. அங்கே உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் வலுவான காற்றோட்டம் உண்டு, குளிர்காலத்தில் இன்னும் பலமாக வீசும். 2020 பிப்ரவரியில் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு ஒரு பயணிகள் விமானம் அந்தக் காற்றின் துணையோடு 4 மணி 56 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. வழக்கமாக அதற்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும். தூரத்தில் உங்கள் பாதையைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு, நேரத்தில் அரை மணி நேரம்தான் கூடுதல்!

நம் பக்கத்தில் தென்மேற்குப் பருவகாலத்தில் கதை தலைகீழ். தரையில் தென்மேற்கிலிருந்து காற்று வீசும் அதே மாதங்களில், தென்னிந்தியாவுக்கும் வங்காள விரிகுடாவுக்கும் மேலே மிக உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காக ஒரு பெருங்காற்று ஓடுகிறது. வெப்பமண்டலக் கிழக்கு ஜெட் காற்று என்று பெயர். இதை 1950-களில் ஆராய்ந்து உலகுக்கு எடுத்துச் சொன்னவர் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் கோட்டேஸ்வரம். இந்தக் காற்று உச்ச வேகத்தில் ஓடுவது பயணிகள் விமானங்கள் பறக்கும் உயரத்துக்கும் மேலே. ஆனாலும் 35,000, 37,000 அடியில் அதன் கீழ்ப்பகுதி நம்மைத் தொடும். ஆக ஜூலையில் சிங்கப்பூர் போகும் விமானத்துக்கு எதிர்காற்று, திரும்பும் விமானத்துக்குத் துணைக்காற்று.

எவ்வளவு வித்தியாசம் என்று நீங்களே போட்டுப் பார்க்கலாம். இந்தப் பாதையில் பெரும்பாலும் பறக்கும் சிறிய ரக ஜெட், காற்றில் மணிக்கு 830 கி.மீ. வாக்கில் போகும். காற்றே இல்லாவிட்டால் 2,980 கி.மீ.க்கு 3 மணி 35 நிமிடம். 50 கி.மீ. எதிர்காற்று என்று வைத்துக்கொண்டால் 3 மணி 49 நிமிடம். அதே அளவு துணைக்காற்று என்றால் 3 மணி 23 நிமிடம். நீங்கள் கவலைப்பட்ட அந்த 60 கி.மீ.யின் நான்கு நிமிடத்தை இந்த 26 நிமிடத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தூரம் மாறவே இல்லை, நேரம் மாறிவிட்டது.

இதோடு ஏற, இறங்க ஆகும் கூடுதல் நேரத்தைச் சேர்க்க வேண்டும். 10,000 அடிக்குக் கீழே பொதுவாக மணிக்கு 460 கி.மீ.க்குமேல் போகக் கூடாது. இறங்குவது சாங்கிக்கு ஏறத்தாழ 200 கி.மீ. முன்பே தொடங்கிவிடும். சாங்கியின் ஓடுதளங்கள் கிட்டத்தட்ட வடக்குத் தெற்காக அமைந்தவை, நீங்கள் வருவதோ வடமேற்கிலிருந்து. நேராகப் போய் இறங்க முடியாது, சுற்றி வந்து ஓடுதளத்துக்கு நேராக நிற்க வேண்டும். இவற்றுக்கு ஒரு கால் மணி நேரம். திருச்சியில் தரையில் ஊர்ந்து ஓடுதளம் சேரப் பத்து நிமிடம், சாங்கியில் இறங்கியபின் வாசல் சேரப் பத்து நிமிடம். எல்லாம் சேர்ந்தால் காற்றில்லாத நாளில் 4 மணி 10 நிமிடம் வருகிறது. எதிர்காற்று 14 நிமிடம். டிக்கெட்டில் உள்ள 4 மணி 25 இப்படித்தான் நிரம்புகிறது. திரும்பும்போது அதே கணக்கில் நான்கு மணி நேரம் போதும், அட்டவணையில் 20 நிமிடம் மிச்சம் இருக்கிறது. எனவே திருச்சிக்கு 22:45-க்கே வந்துவிட்டாலும் ஆச்சரியப்படாதீர்கள். கூட்டிப்போக வண்டி சொல்லியிருந்தால் ஓட்டுநரை 22:45-க்கே வரச்சொல்லுங்கள். இதே விமானம் நவம்பர் மாத அட்டவணையில் ஐந்து, பத்து நிமிடம் மாறி இருந்தாலும் அதற்கும் காரணம் உண்டு. மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் உலகெங்கும் விமான அட்டவணை மாறும் நாட்கள். கடந்த பருவங்களில் உண்மையில் எவ்வளவு நேரம் ஆனது என்று பார்த்துத்தான் நிறுவனங்கள் புது நேரத்தை வைக்கின்றன.

இனி, உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது அம்மாவின் மூட்டுவலி. அதற்கு இந்த நான்கேகால், நான்கரை எதுவுமே சரியான விடை இல்லை. அவர் எவ்வளவு நேரம் இருக்கையில் இருப்பார் என்று கேளுங்கள். பயணிகளை ஏற்றுவது புறப்படும் நேரத்துக்கு முக்கால் மணி முன்பே தொடங்கிவிடலாம். இறங்கும்போது, சக்கர நாற்காலி வேண்டுபவர்களைக் கடைசியாகத்தான் இறக்குவார்கள். ஆக, ஐந்தரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதில் எழுந்து நடக்க முடிகிற நேரம் எது என்பதுதான் விஷயம். கிளம்பி இருபது நிமிடம்போல் ஆனதும் பெல்ட் விளக்கு அணையும். இறங்குவதற்கு அரை மணி, முக்கால் மணி முன்பு மறுபடி எரியும். இடையில் சுமார் மூன்று மணி நேரம் கிடைக்கும்.

அந்த மூன்று மணி நேரத்தில் முதல் பாதியை நன்றாகப் பயன்படுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். பிற்பகுதியில் விமானம் நிகோபாரைத் தாண்டி சுமத்ரா பக்கம் போகும்போது இடிமேகங்கள் அதிகம். அங்கே பெல்ட் விளக்கு எப்போது எரியும் என்று சொல்ல முடியாது, எரிந்தால் அரை மணி நேரம் அணையாமலும் இருக்கலாம். எனவே விளக்கு அணைந்ததும் ஒருமுறை எழுந்து நடக்கட்டும், ஒரு மணி நேரம் கழித்து மறுபடி நடக்கட்டும், கழிப்பறை போவதையும் தள்ளிப்போட வேண்டாம். தூக்கம் கலையும் என்று பார்க்காதீர்கள். நடைவழி ஓர இருக்கையை மகளை இப்போதே எடுக்கச் சொல்லுங்கள், அதற்குச் சில நூறு ரூபாய் கேட்டாலும் கொடுக்கலாம். சக்கர நாற்காலி வேண்டும் என்பதைக் குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன்பே விமான நிறுவனத்திடம் பதிவு செய்துவிடுங்கள். சாங்கியில் நடை தூரம் அதிகம். “நான் நடந்துவிடுவேன்” என்று அம்மா சொன்னாலும் கேட்காதீர்கள்.

காலை நேரத்தில் இறங்குவதால் இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். ஏப்ரல் முதல் நவம்பர் வரை, விடியலுக்கு முன்னும் காலையிலும் சுமத்ரா பக்கமிருந்து ஒரு இடிமழை வரிசை நீரிணையைக் கடந்து சிங்கப்பூர் மீது வருவதுண்டு. சுமத்ரா ஸ்குவால் என்பார்கள். பலத்த காற்றும் மழையுமாக ஓரிரு மணி நேரத்தில் கடந்துவிடும். எல்லா நாளும் வராது. வந்தால், விமானம் வானத்திலேயே வட்டமிட்டுக் காத்திருக்கும். முதல் முறை பயணம் செய்பவர்களுக்கு அது பயமாக இருக்கும், எரிபொருள் தீர்ந்துவிடுமோ என்று தோன்றும். அதைக் கணக்கிடுவதுதான் எங்கள் வேலை, ஐயா. போய்ச் சேரத் தேவையானது மட்டும் ஏற்றப்படுவதில்லை. வழியில் எதிர்பாராமல் கூடுவதற்கு ஒரு பங்கு, சாங்கியில் இறங்க முடியாமல் போனால் கோலாலம்பூர் போன்ற மாற்று நிலையத்துக்குப் போக ஒரு பங்கு, அதற்கு மேலும் அரை மணி நேரம் வட்டமிட ஒரு பங்கு எல்லாம் ஏற்றிய பிறகுதான் விமானம் கிளம்புகிறது. வட்டமிடுகிறது என்றால் ஏற்கெனவே திட்டமிட்ட ஒன்றைச் செய்கிறது என்று அர்த்தம்.

மகள் எத்தனை மணிக்கு வர வேண்டும் என்றும் நீங்கள் கேட்கப்போகிறீர்கள். 07:35-க்கு வந்தால், நாற்காலியில் குடிநுழைவு முடித்துப் பெட்டி எடுத்து வெளியே வர 8:20, 8:30 ஆகும். அட்டவணையைப் பார்த்து வராமல், விமான எண்ணை வைத்து அன்றைய உண்மையான இறங்கும் நேரத்தைப் பார்த்துவிட்டு வரட்டும். சாங்கியில் எந்த முனையம் என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ளட்டும்.

கடைசியாக ஒரு வேலை. சிங்கப்பூர் நுழைவதற்கு, விசா தவிர, வருகை அட்டை ஒன்றை இணையத்தில் நிரப்ப வேண்டும். இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாட்களுக்குள் நிரப்பலாம். உங்களுக்கு 10-ஆம் தேதியிலிருந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் வந்துசேரும் தேதி 12 என்று போட வேண்டும். அந்நாட்டு அரசின் தளத்தில் இதற்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் மூடிவிட்டு, மகளையே நிரப்பித் தரச் சொல்லுங்கள்.